போட்டோக்களை மென்பொருளே அடுக்கித் தர எவ்வளவு நேரம் ஆகும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். பத்துப் பதினைந்து வருஷத்துப் படங்களை ஒரே ஹார்ட் டிஸ்க்கில் கொட்டிக்கொண்டு வந்து, "இதை மிஷினே பிரிச்சுக் கொடுக்குமாமே, எப்ப வந்து வாங்கிக்கட்டும்?" என்று கேட்பவர்கள் இப்போது வாரத்துக்கு நாலு பேராவது வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன். சொந்தமாக வீட்டிலேயே செய்துகொள்ள நினைப்பவர்களுக்கும் உதவும்.

என்னிடம் சுமார் 20,000 போட்டோ இருக்கிறது. எத்தனை மணி நேரம் ஆகும்?

ஒரு ராத்திரி.

கணக்கு இதுதான். நடுத்தர லேப்டாப், தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது, படங்கள் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். தேதிவாரியாகப் பிரிக்க சுமார் 10 நிமிடம். திரையில் காட்டுவதற்கான சின்னப் படங்களை உருவாக்க அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம். முகங்களைக் கண்டுபிடித்து ஆள்வாரியாகச் சேர்க்க, ஒரு படத்துக்கு அரை வினாடியிலிருந்து 2 வினாடி. அதாவது 3 மணி நேரத்திலிருந்து 11 மணி நேரம் வரை. சாப்பிட்டுவிட்டு ஓடவிட்டால் காலையில் பால் வாங்கப் போகும்போது முடிந்திருக்கும், அல்லது முடியும் தறுவாயில் இருக்கும்.

இது மென்பொருள் எடுத்துக்கொள்ளும் நேரம் மட்டும். நாலு இடத்தில் கிடக்கும் படங்களை ஒன்றாகச் சேர்ப்பது, தப்பான தேதிகளைத் திருத்துவது, கடைசியில் முகங்களுக்குப் பெயர் வைப்பது என்று நீங்கள் உட்கார வேண்டிய வேலை மூன்று இருக்கிறது. அது சில ஞாயிற்றுக்கிழமைகளைச் சாப்பிடும். கடைக்கு வருகிறவர்கள் முதல் கணக்கைக் கேட்டுவிட்டு இரண்டாவதைக் கேட்காமல் போய்விடுகிறார்கள். வம்பு வருவது அங்கேதான்.

அத்தனை நேரம் அது என்னதான் செய்கிறது?

முதலில் ஒவ்வொரு படத்தின் தலைப்பகுதியையும் படிக்கிறது. கேமராவோ போனோ படம் எடுக்கும்போதே எடுத்த நேரம், கேமராவின் பெயர், ஜிபிஎஸ் இருந்தால் இடம் எல்லாவற்றையும் கோப்புக்குள் எழுதிவிடும். எக்ஸிஃப் என்பார்கள். படத்தைத் திறக்காமலேயே இதைப் படித்துவிடலாம் என்பதால் இந்தக் கட்டம் மளமளவென்று ஓடும்.

அப்புறம் படத்தை முழுதாகத் திறந்து, சின்னதாக்கி, தனியாகச் சேமிக்கிறது. 12 மெகாபிக்சல் ஜேபெக் படம் என்றால் கண்ணிமைக்கும் நேரம்தான். ஐபோனின் ஹெச்இஐசி படமும் பெரிய கேமரா பதிந்தது பதிந்தபடியே சேமிக்கும் ரா படமும் இதைவிட மெதுவாகத் திறக்கும்.

மூன்றாவது கட்டம்தான் கனமானது. படத்தில் முகம் எங்கே இருக்கிறது என்று தேடி, கிடைத்த ஒவ்வொரு முகத்தையும் எண்களின் வரிசையாக மாற்றுகிறது. கூகுள் ஆராய்ச்சியாளர்கள் 2015இல் வெளியிட்ட ஃபேஸ்நெட் முறையில் ஒரு முகத்துக்கு 128 எண்கள். ஒரே ஆளின் இரண்டு முகங்கள் என்றால் அந்த எண்கள் கிட்டக்கிட்ட இருக்கும்; வேறு வேறு ஆள் என்றால் விலகி இருக்கும். கிட்டே இருப்பவற்றை ஒரு குழுவாக்குகிறது. அது யார் என்று மென்பொருளுக்குத் தெரியாது, தெரியவும் போவதில்லை. "இவரும் அவரும் ஒரே ஆள் போலிருக்கிறது" என்பது வரைதான் அதன் வேலை. பெரியப்பா என்று எழுத வேண்டியது நீங்கள்.

நேரம் ஜிபி கணக்கில் கூடுமா, எண்ணிக்கைக் கணக்கில் கூடுமா?

இரண்டிலும் கூடும், ஆனால் வேறு வேறு இடத்தில். காப்பி செய்வதும் ஏற்றுவதும் ஜிபி கணக்கு. முகம் தேடுவது எண்ணிக்கைக் கணக்கு, ஏனென்றால் பெரும்பாலான மென்பொருள்கள் படத்தைச் சின்னதாக்கிக்கொண்டுதான் தேடுகின்றன.

ஒரு விதிவிலக்கு உண்டு. வாட்ஸ்அப்பில் வந்த 50,000 குட்டிப் படங்கள் மொத்தம் சில ஜிபிதான் இருக்கும், ஆனாலும் காப்பி ஆக யுகமாகும். ஒவ்வொரு கோப்பையும் தேடித் திறந்து மூடுவதிலேயே ஹார்ட் டிஸ்க்கின் நேரம் போய்விடும். போனைக் கேபிளில் செருகி அந்த வாட்ஸ்அப் ஃபோல்டரைத் திறந்து பாருங்கள், பட்டியல் வருவதற்கே பொறுமை வேண்டும்.

வெளி ஹார்ட் டிஸ்க்கிலிருந்து நேராக ஓட்டலாமா?

ஓட்டலாம். எந்த ஓட்டையில் செருகுகிறீர்கள் என்று மட்டும் பாருங்கள். லேப்டாப்பின் யுஎஸ்பி ஓட்டைக்குள் எட்டிப் பார்த்தால் நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாக்கு தெரியும். அது நீலமாக இருந்தால் பெரும்பாலும் யுஎஸ்பி 3. கறுப்பு அல்லது வெள்ளை என்றால் யுஎஸ்பி 2 ஆக இருக்கலாம். யுஎஸ்பி 2 நடைமுறையில் வினாடிக்கு 30 எம்பிதான் தரும். படத்துக்கு 4 எம்பி என்று 20,000 படம் 80 ஜிபி என்றால், ஒரு தடவை படித்து முடிக்கவே முக்கால் மணி நேரம். அதே டிஸ்க் யுஎஸ்பி 3இல் வினாடிக்கு 100 எம்பி கொடுத்தால் கால் மணிக்குள் முடிந்துவிடும்.

படங்கள் வெளி டிஸ்க்கிலேயே இருக்கட்டும். மென்பொருள் தன் குறிப்புகளைச் சேர்த்து வைக்கும் தரவுத்தளத்தையும் சின்னப் படங்களையும் மட்டும் லேப்டாப்பின் உள்ளே இருக்கும் வேகமான எஸ்எஸ்டி டிஸ்க்கில் வைக்கச் சொல்லுங்கள். இந்த ஒரு அமைப்பை மாற்றினாலே பின்னாளில் படங்களைப் புரட்டும் வேகம் எங்கேயோ போய்விடும்.

எல்லாவற்றையும் கூகுள் போட்டோஸில் ஏற்றிவிட்டால் தானே அடுக்கிக்கொள்ளுமே?

அடுக்கிக்கொள்ளும், நன்றாகவே அடுக்கும். முகம் தேடும் வேலை கூகுளின் கணினிகளில் நடப்பதால் உங்கள் லேப்டாப்புக்கு வேலையே இல்லை. சிக்கல் ஏற்றுவதில்தான்.

80 ஜிபியை வினாடிக்கு 10 மெகாபிட் ஏற்றும் இணைப்பில் அனுப்பினால் சுமார் 18 மணி நேரம். இதில் கவனிக்க வேண்டியது இறக்கும் வேகம் அல்ல, ஏற்றும் வேகம். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடுவது பெரும்பாலும் இறக்கும் வேகம். ஊர்ப்பக்கம் போன் டவரை நம்பி 3 மெகாபிட் கிடைத்தால் அதே 80 ஜிபிக்கு இரண்டரை நாள். அதுவும் தினம் 2 ஜிபி ரீசார்ஜ் என்றால் வேகமே பேச்சில்லை, 40 நாள் ஆகும், அதுவரை வீட்டில் வேறு யாரும் நெட்டைத் தொடக்கூடாது.

இன்னொன்று, இலவச இடம் 15 ஜிபிதான், அதிலும் ஜிமெயிலும் டிரைவும் பங்கு கேட்கும். கணக்கில்லாமல் இலவசமாக ஏற்றும் வசதி 2021 ஜூன் 1 உடன் முடிந்துவிட்டது. அதற்கு முன் உயர்தரம் என்ற பெயரில் சுருக்கி ஏற்றியவை இந்தக் கணக்கில் வராது.

ஏற்றி முடித்த உடனே முகங்கள் காட்டவில்லையே என்று பதறாதீர்கள். குழுக்கள் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தோன்றும். ஓரிரு நாள் விட்டுப் பாருங்கள்.

ஐபோனில்?

முகம் பிரிக்கும் வேலை போனுக்குள்ளேயே நடக்கும், அதுவும் சார்ஜில் போட்டுத் திரையைப் பூட்டி வைத்திருக்கும்போது. புதுப் போனுக்கு மாறிய கையோடு எல்லா முகமும் வரவில்லை என்றால் ராத்திரி சார்ஜரில் போட்டுவிட்டுத் தூங்குங்கள். படம் அதிகம் என்றால் சில ராத்திரிகள்.

முகம் பிரிப்பதற்கு ஏன் இவ்வளவு நேரம்? என் தம்பி லேப்டாப்பில் சீக்கிரம் முடிந்ததே.

தம்பியின் லேப்டாப்பில் கிராபிக்ஸ் கார்டு இருந்திருக்கும். அந்த 128 எண் கணக்கையெல்லாம் கிராபிக்ஸ் கார்டு பல மடங்கு வேகமாகப் போடும், மென்பொருள் அதைப் பயன்படுத்தத் தெரிந்ததாக இருந்தால். அது இல்லாதவர்கள் அமைப்பில் எல்லா பிராசஸர் கோர்களையும் பயன்படுத்து என்ற தேர்வு இருக்கிறதா என்று பாருங்கள். டிஜிகேம் என்ற இலவசப் பட மென்பொருளில் இருக்கிறது.

இன்னொரு காரணம் நம் ஊர்ப் படங்களின் தன்மை. செல்ஃபி என்றால் ஒரு முகம், இரண்டு முகம். 2016 பிப்ரவரி 22, மகாமகம் தீர்த்தவாரி அன்று குளத்தின் படிக்கட்டில் நின்று எடுத்த படம் என்றால் ஒரே சட்டத்தில் ஐம்பது அறுபது தலை தெரியும். முகம் எங்கே என்று தேடுவது ஒரு முறைதான், ஆனால் கிடைத்த ஒவ்வொரு முகத்துக்கும் எண் வரிசை தனியாகப் போட வேண்டும். தேரோட்டப் படம், ஆடிப்பெருக்குக்குத் திருவையாறு புஷ்ய மண்டபப் படித்துறையில் எடுத்த படம் எல்லாம் இதே கதைதான். நேரம் கூடுவதோடு நிற்காது. உங்களுக்கு முன்பின் தெரியாதவர்களின் முகங்கள் ஆயிரக்கணக்கில் "இவர் யார்?" என்று வரிசையில் வந்து நிற்கும். அந்த மாதிரி ஃபோல்டர்களை முகத் தேடலிலிருந்து விலக்கிவிடுவது என் வழக்கம். எல்லோருக்கும் அதையேதான் சொல்கிறேன்.

கோயில் படங்கள் இன்னொரு வேடிக்கை. தாராசுரம், பெரிய கோயில் என்று சிற்பங்களை எடுத்து வைத்திருந்தால் மென்பொருள் கல் முகத்தையும் முகமாகவே எடுத்துக்கொள்ளும். துவாரபாலகரும் நவராத்திரிக் கொலு பொம்மைகளும் உறவினர் பட்டியலில் வந்து உட்காருவார்கள். வரும் குழுவைப் புறக்கணி என்று ஒதுக்கிவிட்டால் போதும். சுவாமிமலை ஸ்தபதி ஒருவரின் பட்டறைப் படங்களை அடுக்கியபோது வீட்டு மனிதர்களைவிட ஐம்பொன் முகங்கள்தான் அதிகக் குழுக்களாக வந்தன. அவருக்கு அதில் கொஞ்சம் பெருமைதான்.

மொட்டை போட்ட குழந்தை, தாடி வளர்த்த சபரிமலை மாலைக்காலத்து அப்பா, இவர்கள் தனிக் குழுவாகப் பிரிந்து வருவதும் உண்டு. கைக்குழந்தைக்கும் பத்தாம் வகுப்புப் பையனுக்கும் இடையே எந்த மென்பொருளும் தடுமாறத்தான் செய்யும். இரண்டு குழுவுக்கும் ஒரே பெயரைக் கொடுத்தால் சேர்ந்துகொள்ளும்.

பெயர் வைக்க நான் எவ்வளவு நேரம் உட்கார வேண்டும்?

400 குழு வந்திருக்கிறது, ஒன்றுக்கு 15 வினாடி என்றால் 1 மணி 40 நிமிடம். காகிதத்தில் அவ்வளவுதான். நடப்பில் ஒரு கல்யாணப் படத்தில் பந்தியில் உட்கார்ந்திருக்கும் ஒருவரை யாரென்று கேட்க அம்மாவைக் கூப்பிடுவீர்கள், அம்மா அத்தைக்குப் போன் போடுவார்கள், அதோடு அன்றைய வேலை முடிந்தது.

பெரிய குழுக்களிலிருந்து தொடங்குங்கள். வீட்டு ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேருக்குப் பெயர் வைத்தாலே வேண்டிய படங்களில் பெரும்பகுதி கிடைத்துவிடும். இரண்டே படம் உள்ள குழுக்களைத் தொடவே வேண்டாம்.

அடுக்கி முடித்த பிறகும் படங்கள் தப்பான வருஷத்தில் நிற்கின்றனவே?

நிறையப் பேர் கோபத்தோடு கேட்கும் கேள்வி இது. மென்பொருள் தப்புச் செய்வதில்லை. அதற்குக் கொடுத்த தேதியே தப்பு. தப்பு வரும் வழிகள் மூன்று நான்கு.

வாட்ஸ்அப் வழியாக வந்த படத்தில் எக்ஸிஃப் இருக்காது. அனுப்பும்போதே படத்தைச் சுருக்கி, உள்ளே எழுதியிருந்த நேரத்தையும் இடத்தையும் அது நீக்கிவிடுகிறது. ஆண்ட்ராய்டு போனில் கோப்பின் பெயரில் ஒரு தேதி இருக்கும், ஐஎம்ஜி-20190115-டபிள்யூஏ0007 என்கிற மாதிரி. அது போனுக்குப் படம் வந்து சேர்ந்த தேதி. பொங்கல் அன்று எடுத்த படத்தை மாமா சித்திரையில் அனுப்பினால் சித்திரைதான். இருந்தாலும் ஒன்றுமில்லாததற்கு அது தேவலை. பெயரிலிருந்து தேதியை எடுத்து உள்ளே எழுதும் வசதி டிஜிகேமிலும், எக்ஸிஃபைப் படித்துத் திருத்தும் எக்ஸிஃப்டூல் என்ற கருவியிலும் இருக்கிறது. 20,000 படத்துக்குச் சில நிமிட வேலை. இனிமேல் உறவினர்களிடம் படத்தை டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள், தேதி அப்படியே வரும்.

பழைய டிஜிட்டல் கேமராவின் உள் பேட்டரி செத்துப்போனால் கடிகாரம் ஏதோ ஒரு வருஷத்து ஜனவரி 1க்குத் திரும்பிவிடும். ஒரு ஃபோல்டர் முழுக்க ஜனவரி 1 என்று இருந்தால் சந்தேகமே வேண்டாம். அதில் ஒரே ஒரு படத்தின் சரியான நேரம் தெரிந்தால் போதும். வித்தியாசத்தைக் கணக்குப் போட்டு மொத்த ஃபோல்டரையும் ஒரே கட்டளையில் நகர்த்திவிடலாம்.

மூன்றாவது, நம் பக்கத்துக்கே உரிய சிக்கல். மன்னார்குடி, கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் பக்கம் வீட்டுக்கு ஒருவராவது சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருப்பார். கல்யாணத்துக்கு வரும்போது கேமராவும் கொண்டு வருவார், கேமராவின் கடிகாரம் மட்டும் சிங்கப்பூரிலேயே இருக்கும். சிங்கப்பூர் நேரம் நமக்கு இரண்டரை மணி முன்னால், துபாய் ஒன்றரை மணி பின்னால். எல்லோருடைய படங்களையும் சேர்த்து அடுக்கினால் சிங்கப்பூர்ச் சித்தப்பாவின் கேமராவில் 9 மணி முகூர்த்தம் பதினொன்றரைக்கு நடந்திருக்கும். அதற்குள் உள்ளூர்ப் படங்களில் பந்தியே முடிந்திருக்கும். போன் தானாக நேரத்தை மாற்றிக்கொள்ளும், கேமரா மாற்றிக்கொள்ளாது. எந்தக் கேமராவில் எடுத்தது என்பது எக்ஸிஃபில் இருப்பதால் அந்தக் கேமராவின் படங்களை மட்டும் தேர்ந்து இரண்டரை மணி நேரம் பின்னால் தள்ளுங்கள்.

இந்தத் திருத்தங்களை எல்லாம் முகம் தேடும் முன்பே முடித்துவிடுங்கள். சில மென்பொருள்கள் கோப்பு மாறியிருப்பதைக் கண்டால் அதைப் புதுப் படமாக நினைத்து மறுபடி படிக்கும். ராத்திரி முழுக்க ஓடியது வீண்.

ஊர்வாரியாகப் பிரிக்குமா?

ஜிபிஎஸ் பதிந்த படங்களைப் பிரிக்கும், வேகமாகவும் பிரிக்கும். கிராமத்தின் பெயரை எதிர்பார்க்காதீர்கள், பக்கத்து டவுன் பெயரைத்தான் பெரும்பாலும் போடும். மயிலாடுதுறை 2020 டிசம்பர் 28 அன்று தனி மாவட்டம் ஆனது. மென்பொருள் வைத்திருக்கும் ஊர்ப் பட்டியல் பழசாக இருந்தால் சீர்காழியும் தரங்கம்பாடியும் இன்னும் நாகப்பட்டினம் மாவட்டத்தில்தான் இருக்கும்.

நான் விவசாயி. நாற்று, நடவு, அறுவடை என்று பயிர்ப் படங்களைப் பிரித்துத் தருமா?

தராது. வயல், புல், செடி, மாடு, டிராக்டர் என்ற அளவுக்குத் தெரியும். நாற்றங்காலுக்கும் நட்டு ஒரு வாரமான வயலுக்கும் வித்தியாசம் தெரியாது. இரண்டும் அதற்குப் பச்சைதான்.

தேதியை வைத்து நீங்களே பிரிப்பது சுலபம். மேட்டூர் அணை ஜூன் 12 அன்று திறப்பது வழக்கம் என்பதால் அதிலிருந்து குறுவை, ஆவணிக்கு மேல் சம்பா, குறுவை அறுத்த வயலில் தாளடி என்று தேதி எல்லை போட்டு ஆல்பம் உருவாக்கினால் பத்து நிமிடத்தில் பத்து வருஷத்துப் படமும் பிரிந்துவிடும். அணை தாமதமாகத் திறந்த வருஷங்களில் எல்லையைக் கொஞ்சம் நகர்த்திக்கொள்ளுங்கள்.

இதில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சேதத்தைக் காட்டும் படங்களை எப்போதும் எடுத்த போனிலிருந்து அசலாக எடுத்து வையுங்கள். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தென்னந்தோப்புகள் சாய்ந்து கிடந்ததை எத்தனையோ பேர் படம் எடுத்தார்கள். அசல் கோப்பில் தேதியும், ஜிபிஎஸ் போட்டிருந்தால் தோப்பின் இடமும் இருக்கும். அதையே வாட்ஸ்அப் குழுவிலிருந்து இறக்கி வைத்திருந்தால் இரண்டும் இருக்காது. விழுந்த தென்னை யாருடையது, எந்தப் புயலில் விழுந்தது என்று படம் சொல்லாது.

ஒரே படம் நாலு தடவை இருக்கிறது. அதை நீக்க எவ்வளவு நேரம்?

அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்கும் கோப்புகளைக் கண்டுபிடிப்பது ஒரு தடவை டிஸ்க்கைப் படிக்கும் நேரம்தான். முன்பு சொன்ன கால் மணி, முக்கால் மணி.

பார்க்க ஒன்றுபோல் இருப்பவை வேறு விஷயம். அசலும் அதன் வாட்ஸ்அப் நகலும், அடுத்தடுத்து நாலு முறை அமுக்கிய படங்களும் இதில் வரும். கல்யாண வீட்டில் ஒவ்வொருவரும் மற்ற எல்லோரையும் ஒரு முறை விசாரித்தாக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வந்தவர்கள் இரண்டு மடங்கானால் விசாரிப்பு நாலு மடங்காகும். 10,000 படத்தில் சுமார் 5 கோடி ஜோடிகள், 20,000 படத்தில் சுமார் 20 கோடி. கேட்கப் பயமாக இருந்தாலும் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு சின்ன கைரேகை எண்ணை முதலில் எடுத்துக்கொண்டு அதைத்தான் ஒப்பிடுகிறது, அதனால் ஒப்பீடு வேகம். கைரேகை எடுக்கத்தான் நேரம். அதைச் சின்னப் படம் உருவாக்கும் நேரத்தோடு ஒத்துப் பார்க்கலாம்.

அழிக்கும் முடிவை மட்டும் மென்பொருளிடம் விடாதீர்கள். நாலு குரூப் போட்டோவில் எது பாட்டி கண் திறந்திருக்கும் படம் என்று நீங்கள் பார்க்க வேண்டும்.

இடையில் கரண்ட் போனால்?

லேப்டாப் என்றால் பேட்டரி கொஞ்ச நேரம் தாங்கும். மேசைக் கணினி என்றால் யுபிஎஸ் இல்லாமல் தொடங்காதீர்கள். நல்ல மென்பொருள்கள் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆனால் தரவுத்தளத்தில் எழுதிக்கொண்டிருக்கும் கணத்தில் அணைந்தால் அது சிதைய வாய்ப்புண்டு, அப்புறம் முதலிலிருந்து. மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்தடை என்று அறிவிப்பு வந்திருக்கிறதா என்று முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள்.

தொடங்கும் முன் இன்னொரு டிஸ்க்கில் முழு நகல் ஒன்று எடுத்து வைப்பது கட்டாயம். நகல் இல்லாமல் கொண்டுவந்தால் கடையில் நாங்கள் வேலையையே தொடங்குவதில்லை.

ராத்திரி ஓடவிட்டேன். காலையில் பார்த்தால் 400 படத்தில் நிற்கிறது.

லேப்டாப் தூங்கிவிட்டது. தொடாமல் விட்டால் கொஞ்ச நேரத்தில் உறங்கும்படிதான் அதை அமைத்திருப்பார்கள். பவர் அமைப்பில் சார்ஜரில் இருக்கும்போது ஒருபோதும் உறங்காதே என்று மாற்றுங்கள், மூடியையும் மூடாதீர்கள். திரை மட்டும் அணையட்டும்.

சித்திரை வைகாசியில் பகலில் ஓட்டினாலும் மெதுவாகும். சூடு ஏறினால் பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மெத்தைமேல் வைக்காமல் மேசைமேல் வைத்து ஃபேன் போட்டாலே வித்தியாசம் தெரியும்.

99 சதவீதத்தில் மணிக்கணக்காக நிற்கிறதே?

டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். பிராசஸரோ டிஸ்க்கோ உழைத்துக்கொண்டிருந்தால் விட்டுவிடுங்கள், முகங்களைக் குழுவாக்கும் கடைசிக் கட்டமாக இருக்கும். இரண்டும் சும்மா கிடந்தால் ஏதோ ஒரு கெட்டுப்போன கோப்பில் மாட்டியிருக்கிறது, அல்லது நீளமான வீடியோ ஒன்றைத் திறக்கப் பார்க்கிறது. பாதி காப்பியான படங்கள் பழைய மெமரி கார்டுகளில் நிறைய இருக்கும். அந்த ஃபோல்டரைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். ஒரு கல்யாணத்துக்கு 4,000 ரா படம். எவ்வளவு நேரம்?

24 மெகாபிக்சல் ரா படம் ஒன்று 25, 30 எம்பி. ஆகவே 100 ஜிபிக்கு மேல். லைட்ரூமில் சேர்க்கும்போது முன்னோட்டப் படங்களை முழு அளவில் உருவாக்கச் சொன்னால் முகூர்த்தம் முடிந்து வந்த களைப்புக்கு நீங்கள் தூங்கி எழும் நேரம் அதற்குத் தேவைப்படும். சாதாரண அளவு போதும். கண் மூடிய படம், அசங்கிய படத்தை ஒதுக்க ஆஃப்டர்ஷூட் மாதிரி மென்பொருள்கள் வந்திருக்கின்றன. ஆனால் தாலி கட்டும் நொடியில் மணமகள் கண் மூடியிருப்பது பிழை அல்ல என்று அதற்கு யார் சொல்வது? ஒதுக்கியதை ஒரு தடவை புரட்டிவிட்டு அழியுங்கள்.

பழைய ஆல்பப் படங்களை ஸ்கேன் செய்தால்?

ஆல்பத்திலிருந்து எடுத்து, தூசி தட்டி, கண்ணாடியில் வைத்து ஸ்கேன் செய்ய ஒன்றுக்கு ஒரு நிமிடம் என்றால் 1,000 படத்துக்கு 16 மணி 40 நிமிடம். இதை மென்பொருளால் குறைக்க முடியாது.

ஸ்கேன் செய்த நாள்தான் அவற்றின் தேதியாகப் பதியும். 1984 தையில் நடந்த கல்யாணம் இந்த வருஷ ஆடியில் வந்து நிற்கும். ஒரு ஆல்பத்தை ஸ்கேன் செய்து முடித்த உடனே, அடுத்ததைத் தொடும் முன், தோராயமான தேதியை மொத்தமாக எழுதிவிடுங்கள். படத்தின் பின்பக்கம் ஸ்டூடியோ முத்திரையோ பேனாவில் எழுதிய தேதியோ இருந்தால் அதையும் ஸ்கேன் செய்து வையுங்கள்.

எந்த மென்பொருள் நல்லது? பிக்காசா கிடைக்குமா?

பிக்காசாவை கூகுள் 2016 மார்ச்சிலேயே கைவிட்டுவிட்டது. பழைய பிரதி சிலரிடம் ஓடுகிறது, புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் தரமாட்டேன்.

ஒரு கம்ப்யூட்டர், ஒரு குடும்பம் என்றால் டிஜிகேம். இலவசம், விண்டோஸிலும் ஓடும். முதல் முறை திறக்கும்போது முகம் அறிவதற்கான கோப்புகளை இறக்கிக்கொள்ளும், அதற்கு மட்டும் நெட் வேண்டும். வீட்டில் எல்லோரும் போனிலிருந்தே பார்க்க வேண்டும், கொஞ்சம் கணினி விஷயம் தெரியும் என்றால் இம்மிச் என்ற மென்பொருளை ஒரு பழைய கணினியில் நிறுவலாம். அதில் "சிவப்புப் புடவை" என்பது போலச் சொல்லித் தேடும் வசதி உண்டு. சொல்லையும் படத்தையும் பொருத்திப் பார்ப்பதற்கு மாடல் என்று ஒன்று உண்டு, இயல்பாக வருவது ஆங்கிலத்துக்கான மாடல். பன்மொழி மாடலுக்கு மாற்றலாம், மாற்றினால் அந்தத் தேடலுக்காக எல்லாப் படத்தையும் மறுபடி படிக்க வேண்டும், இன்னொரு ராத்திரி. அதனால் எந்த மாடல் என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஒவ்வொரு மாதமும் இவ்வளவு நேரம் ஆகுமா?

ஆகாது. முதல் தடவைதான். அப்புறம் புதுப் படங்களை மட்டும் படிக்கும், சில நிமிடம்.

வேறு மென்பொருளுக்கு மாறினால் வைத்த பெயர்கள் எல்லாம் போய்விடுமா?

எங்கே எழுதி வைத்தீர்கள் என்பதைப் பொறுத்தது. டிஜிகேம் முதல் முறை திறக்கும்போதே விவரங்களைப் படக் கோப்புக்குள்ளும் எழுதவா என்று கேட்கும். சரி என்று சொல்லுங்கள். பெயரும் முகத்தின் இடமும் கோப்புக்குள்ளேயே பதிந்துவிடும், அதைப் படிக்கத் தெரிந்த எந்த மென்பொருளும் எடுத்துக்கொள்ளும். எழுதும் நேரம் கொஞ்சம் கூடும், கூடட்டும்.

கூகுளில் இருப்பதை டேக்அவுட் என்ற அதன் வசதி வழியாக மொத்தமாக இறக்குபவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. கூகுளில் நீங்கள் திருத்திய தேதியும் எழுதிய குறிப்பும் படத்துக்குள் வராது, பக்கத்தில் ஜேசன் என்று முடியும் தனிக் கோப்பாக வரும். "என்னவோ குப்பை" என்று அதை அழித்துவிட்டுப் படங்களை மட்டும் பென்டிரைவில் போட்டுக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படியே விட்டு வையுங்கள். எக்ஸிஃப்டூல் அவற்றைப் படித்துப் படத்துக்குள் எழுதிவிடும், ஒரு மதியச் சாப்பாட்டு நேரம்தான்.